பால் பைத்தானுக்குப் பால் வைத்தவர்

நான் எலி வளர்த்துப் பிழைத்தவள். இதைச் சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளெலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவும் தற்காலிக வேலையில் இருந்தேன். மூன்றாம் வருடம் அது முடிந்துபோயிற்று. கணவருக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. எனக்குத் தெரிந்த தொழில் எலி ஒன்றுதான். கரமனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை கிடந்தது. அதில் எலி வளர்த்தேன். கொன்று, உறைய வைத்து, வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெரும்பாலும் காலேஜ் படிப்பவர்கள், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள்.

அறுபதைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான்.

போனில் கேட்டார். "எலி கொடுக்கறது நீங்கதானே?"

"ஆமா சார். என்ன பாம்பு?"

"பால் பைத்தான்னு சொல்றா." சற்று நிறுத்திவிட்டு, "அந்த எலிகளுக்கு என்ன ஆகாரம் கொடுக்கறேள்?" என்றார்.

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "கோதுமை, சோளம், கொஞ்சம் கடலை சார்."

"வேளாவேளைக்கா?"

"இல்ல சார். கூண்டுல எப்பவும் கெடக்கும். வேணும்போ தின்னுக்கும்."

"அது சரியில்லையே," என்றார். எலிகளின் எதிர்காலம் குறித்து உண்மையாகவே கவலைப்பட்டது அந்தக் குரல்.

வீடு கிழக்கேகோட்டைக்குள், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் இருந்தது. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். வாசலில் கோலம் போட்ட அந்தத் தெருவுக்குள் பன்னிரண்டு செத்த எலிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே கதவைத் திறந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாங்கோ. சாப்டாச்சா?" என்றார்.

எல்லோரும் கேட்பதுதானே என்று, "இப்பந்தான் தின்னுட்டு வாறேன் சார்," என்றேன்.

"என்ன சாப்டேள்?"

"புட்டு."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும் சார்."

"இப்போ பத்தரை ஆறதே," என்று உள்ளே போய் மூன்று அடை கொண்டுவந்தார். அவரே வார்த்தது. நான் எலியை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்தவள். அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கடைசித் துண்டு என் வாய்க்குள் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. பரீட்சை ஹாலில் இருப்பதுபோல வியர்த்தது எனக்கு.

அவர் அப்படித்தான். தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், பக்கத்து வீட்டுப் பூனை, யாரையும் வெறும் வயிற்றோடு அந்த வாசலிலிருந்து அனுப்பமாட்டார். கொடுத்தால் மட்டும் போதாது, முடித்ததைப் பார்க்கவேண்டும். தட்டில் நான்கு பருக்கை கிடந்தால் அவர் முகம் வாடிவிடும். பின்கட்டில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் புதிதாக வாங்கி வைத்திருந்தார், எலிக்கென்று தனியாக. அதைத் திறந்தால் உடனே குளித்துவிடுவார்.

பாம்பு கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கறுப்பும் தேன் நிறமுமாக, தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டு கிடந்தது.

"என் பொண்ணோடது. அவ இப்போ இங்கே இல்லை," என்றார். அந்த ஊரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் துபாயிலோ கனடாவிலோ இருப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மகளின் சிநேகிதி ஒருத்திதான் எலி வாங்கிவந்து, பாம்புக்கு அவளே வைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் பெங்களூர் போகும்போது என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"ரெண்டு மாசமா ஒண்ணும் தொடலை. இது என் கைக்கு வந்த முதல் வாரம் பால்கூட வெச்சுப் பாத்தேன்."

"பாலா?"

"பால் பைத்தான்னா பால் குடிக்கும்னு நினைச்சுட்டேன்," என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல், அந்தப் 'பால்' பந்து என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த பெயர் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பயந்தாலா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. எலியை வெந்நீரில் சூடுபடுத்தி, இடுக்கியால் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். நான் விவரம் சொன்னேன். இந்த வகைப் பாம்புகள் சாப்பாட்டு விஷயத்தில் பெரிய பிடிவாதக்காரர்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சிலது வெள்ளெலியைத் தொடாது, பழுப்பு எலி என்றால் எடுக்கும். சிலது தோல் உரித்த பிறகுதான் வாய் திறக்கும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சாப்பிடாது.

"யாரும் பாக்காம எப்படி?" என்றார். "சாப்ட்டுதா இல்லையான்னு நமக்குத் தெரியவேண்டாமா?"

பழுப்பு எலி கொண்டுபோனேன். தொடவில்லை. சின்ன எலி கொண்டுபோனேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் உயிரோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றார். சாயங்காலம் விட்டுவிட்டு வந்தேன். காலையில் போன் செய்தார்.

"ரெண்டும் நன்னாத் தூங்கறது."

போய்ப் பார்த்தால், பாம்பின் சுருளுக்குள் முதுகைச் சாய்த்துக்கொண்டு எலி தூங்குகிறது. பக்கத்தில் பொரியும் ஒரு தேங்காய்ச் சில்லும் கிடந்தன.

"எலிக்கு யாரு சார் தீனி போட்டா?"

"அது பசியோட இருந்துது. என்னையே பாத்துண்டிருந்தது," என்றார்.

அந்த எலியை நான் அப்புறம் கொல்லவில்லை. கொட்டகையில் கிழடாகித் தானாகச் செத்தது.

நான் போகத் தொடங்கி நான்காம் மாதம் ஆயிற்று. பாம்பின் முதுகெலும்பு இலேசாகத் தெரிய ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் போயிருந்தேன். முந்தின நாளிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை. அவர் சேவையும் மோர்க்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் சார் என்றேன். கொஞ்சமாவது என்றார். வயிறு சரியில்ல சார் என்றேன். வயிறு சரியில்லாதபோதுதான் சாப்பிடவேண்டும் என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் திருப்பி நகர்த்தினேன். அவர் மறுபடியும் நகர்த்தினார்.

"வேண்டாம்னு சொன்னா விடுங்க சார்!"

அவ்வளவு சத்தமாக அது வரும் என்று நானே நினைக்கவில்லை. அவர் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது மேசையில் தட்டு இல்லை. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நித்யாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வா. வேண்டாம்னா விடுங்கோப்பான்னு. நான் விடலை."

மகளின் பெயரை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அவள் கனடாவில் இல்லை.

"பிளஸ் டூ படிக்கறச்சே ஆரம்பிச்சுது. முதல்ல ராத்திரி வேண்டாம்னா. அப்புறம் ஒவ்வொண்ணா வேண்டாம்னா. தட்டுல அளைஞ்சுண்டே இருப்பா. டாக்டர் இது ஒரு வியாதி, நிர்ப்பந்திக்காதீங்கோன்னார். எனக்கு அது ஏறலை, கேட்டேளா. சாதத்தைப் பாத்து ஒருத்தி எப்படிப் பயப்படுவா? ஆபீஸ்ல முப்பது பேரை வேலை வாங்கினவன் நான். சொந்தப் பொண்ணு ஒரு பிடி சாதம் சாப்பிடமாட்டேங்கறா. எதிர்க்க நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்துடுவேன். முடிக்காம எழுந்திருக்கப்படாது."

வலது கையை விரித்து என்னிடம் காட்டினார்.

"ஒரு நாள் இந்தக் கையால தாடையைப் பிடிச்சு ஊட்டினேன். முழுங்கினா. என்னைப் பாத்துண்டே முழுங்கினா. அதுக்கப்புறம் என்னோட பேசினதே இல்லை."

பாம்பு அவளுடைய கடைசி இரண்டு வருடங்களில் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தவள், வீட்டிலிருந்த நாளெல்லாம் அதோடுதான் இருந்திருக்கிறாள். இருபத்து மூன்று வயதில் ஒரு நாள் காலையில் இதயம் நின்றுபோயிற்று. பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் அவர் மனைவி கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். "சண்டை ஒண்ணும் போடலை. திட்டியிருந்தாத் தேவலை. துணிப்பெட்டியை எடுத்துண்டு போயிட்டா," என்றார். பாம்பைப் பதிவு செய்த காகிதத்தை மட்டும், அதிகாரியாக இருந்தவர் ஆயிற்றே, மகள் பெயரிலிருந்து தன் பெயருக்கு முறையாக மாற்றி வாங்கி வைத்திருந்தார்.

ஐந்தாம் மாதம் பாம்பைத் துணிப்பையில் போட்டு ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். இளம் வயது டாக்டர். நிறுத்துப் பார்த்தார். உடம்பைத் தடவிப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, ஆனால் எடை ரொம்பக் குறைந்துவிட்டது என்றார்.

"இனி வெயிட் செய்யண்டா சார். நமுக்கு வாய் துறந்து உள்ளில் வெச்சு கொடுக்காம்." இனிக் காத்திருக்க வேண்டாம், சின்ன எலிக்குஞ்சு ஒன்றை எடுத்துப் பாம்பின் வாயைத் தட்டையான குச்சியால் மெல்லத் திறந்து வைத்துவிடலாம் என்று செய்துகாட்டப் போனார். ஒரு கையால் பாம்பின் தலையை, தாடைக்குப் பின்னால், பிடித்தார்.

"வேண்டாம்," என்றார் இவர்.

"சார், இது வேதனிக்கில்லா." வலிக்காது என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். விட்டுடுங்கோ. அதை விட்டுடுங்கோ."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டர் பக்கம்தான் பேசினேன். "செத்துப்போயிரும் சார். டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஒரு தடவை உள்ள போனா அதுக்கப்புறம் தானா எடுக்கும்," என்றேன். அவர் பாம்பை வாங்கிப் பைக்குள் விட்டார். ஆட்டோவில் வரும்போது பழவங்காடி சிக்னலில் வண்டி நின்றது. பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒருத்தருக்கு வாயைப் பிடிச்சு ஊட்டினது போதும் எனக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைச் சுத்தம் செய்ய நகர்த்தினோம். சுவரை ஒட்டியிருந்த கண்ணாடியில் செலோடேப் போட்டு ஓர் அட்டை ஒட்டியிருந்தது. தேதி வாரியாக, மலையாளத்தில், சின்னச் சின்ன எழுத்து. அவளுக்குத் தமிழ் எழுத வராதாம். வீட்டில் பேசுவதோடு சரி.

எனக்கும் மலையாளம் வாசிக்க வரும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு வார்த்தை இருந்தது. சாப்பிட்ட நாளில் 'கழிச்சு'. சாப்பிடாத நாளில் 'வேண்டா'. வேண்டா, வேண்டா, வேண்டா என்று ஓரிடத்தில் ஏறக்குறைய அரை வருடம். அப்புறம் ஒரு 'கழிச்சு'. மறுபடியும் வேண்டா. 'கழிச்சு' என்று வந்த இடங்களிலெல்லாம் பக்கத்தில் ஒரே குறிப்பு. 'மூடி. லைட் ஓஃப். ஞான் புறத்து.'

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். மூடி வைத்தேன். விளக்கை அணைத்தேன். நான் வெளியே.

"இதை நீங்க பாத்ததே இல்லையா சார்?"

"அவ இருக்கறச்சே இந்த ரூமுக்குத் தட்டை எடுத்துண்டுதான் வருவேன். வேற எதைப் பாத்தேன்?" அட்டையின் மேல் விரலை ஓட்டினார். "எத்தனை வேண்டா, பாருங்கோ. எல்லாத்துக்கும் சரின்னு விட்டிருக்கா."

"நாமளும் அப்படி வச்சுப் பாப்போம் சார். மூடிப் போட்டுட்டு நீங்க அடுத்த ரூம்ல படுத்துக்கிடுங்க."

"அடுத்த ரூம்ல இருந்தா எட்டிப் பாத்துடுவேன். எனக்கு என்னைத் தெரியும்," என்றார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்தார். சாயங்காலம் எலியைச் சூடுபடுத்தி வைத்து, பெட்டி முழுவதையும் தன்னுடைய பழைய வேட்டியால் மூடி, விளக்கை அணைத்துவிட்டு, தோளில் ஒரு பையோடு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "தம்பானூர்ல போய்க் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறப்போறேன். ரொம்ப தூரம் போனாத்தான் நான் திரும்பமாட்டேன்," என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் மனைவியைப் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை நான் போய்க் கதவைத் திறந்தேன். வேட்டியைத் தூக்கினேன். எலியைக் காணோம். பாம்பு தன் மறைவிடத்துக்குள் நீளவாக்கில் கிடந்தது. நடு உடம்பு புடைத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே நின்றே போன் செய்தேன்.

"சார், தின்னுட்டு சார்! முழுசாத் தின்னுட்டு!"

லைன் போய்விட்டதோ என்று மறுபடி கூப்பிட்டேன்.

"சார்?"

"அவ்வளவுதானா?" என்றார். "நான் வெளியில போயிருந்தா மதியா? அதுவே போறுமா?"

நான் என்ன சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. "சார், பாம்பு வேற, மனுஷி வேற. அது நோவு சார். டாக்டர்மாராலயே முடியாத நோவு."

"அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா ஒரு நாளாவது நான் வெளியில போய்ப் பாத்திருக்கலாம்."

அதற்குப் பிறகு கேட்டது அழுகை. வயதான ஆண் ஒருவர் சத்தம் போட்டு அழுவதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நல்ல செய்தி என்று நான் ஓடி ஓடிச் சொன்னது அவரை இப்படி உடைக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. போனை யாரோ அவர் கையிலிருந்து வாங்கினார்கள். ஒரு பெண்ணின் குரல்.

"யாரு பேசறது? அவர்கிட்ட என்ன சொன்னேள்?"

"பாம்பு தின்னுச்சுன்னு சொன்னேன் மாமி. வேற ஒண்ணும் சொல்லல்ல."

"நித்யாவோட பாம்பா?" குரல் இறங்கிவிட்டது. "அது இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமி."

"அவர் நாலு நாள் கழிச்சு வருவார். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கறேளா?" என்றார்.

எட்டு நாள் கழித்து வந்தார். நான் தினமும் போய்த் தண்ணீர் மாற்றி வைத்திருந்தேன். சாவியைக் கொடுக்கும்போது, "மாமி திரும்பி வருவாங்களா சார்?" என்று கேட்டேன்.

"கேக்கலை," என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த வீட்டுக்கு எலி கொடுத்தேன். பாம்பு தேறிவிட்டது. அவ்வப்போது இரண்டு மாதம், மூன்று மாதம் வேண்டாம் என்று கிடக்கும். அவரும் அட்டையில் மகளின் எழுத்துக்குக் கீழே, மலையாளத்திலேயே, வேண்டா என்று எழுதி வைத்துவிடுவார். எனக்குப் பலகாரம் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் பாதியில் விட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போவார். நான் கூடுமானவரை மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். வருடத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர் போய்வருவார். மாமி வரவில்லை.

ஒரு கர்க்கடக மாதம், தமிழுக்கு ஆடி, நான்கு நாளாக மழை. குளியலறையில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுநாள்தான் பார்த்தார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குள்ளமான, நரைத்த தலையோடு ஒரு பெண். பாம்பை நானே எடுத்துக்கொண்டு போகிறேனா என்று கேட்டார். சரி என்றேன். அந்த அறைக்குள் அவர் வரவில்லை. நிலைப்படியில் நின்று, நான் பெட்டியைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையை என்ன செய்ய என்று கேட்டேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு பேருடைய எழுத்தையும் வெகுநேரம் பார்த்தார்.

"கடைசி நாள்ல அவர் ஒழுங்காச் சாப்ட்டாரா?"

ஏதாவது சொல்லிவைத்திருக்கலாம். மூன்றரை வருடம் அந்த மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் சாப்பிட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"தெரியல்ல மாமி. நான் பாத்ததில்ல," என்றேன்.

மாமி தலையாட்டினார்.

"நானும் கவனிச்சதில்லை. எல்லாரும் சாப்ட்டு ஆனப்புறம் தனியா உக்காந்து என்னத்தையோ சாப்பிடுவார். அவர் எங்க தட்டைப் பாத்துண்டிருப்பார். எப்போடா எழுந்து போவார்னு நாங்க பாத்துண்டிருப்போம்."